க்ளோசப் எல்லாம் கடைசி நாள்

பிப்ரவரி 2, வெள்ளி

இன்று நான் ஹீரோயின் ஆனேன். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். எங்கள் விஸ்காம் துறையில் இந்த வருடம் வகுப்புக்கு ஒரு டிரெய்லர் எடுக்க வேண்டும். இன்னும் எடுக்காத படத்துக்கு டிரெய்லர். கல்லூரி விழாவில் எல்லா வகுப்பு டிரெய்லரையும் போட்டுக் காட்டி, ஜெயித்ததை மட்டும் துறையின் கேமரா, துறையின் செலவில் முழுப் படமாக எடுக்க விடுவார்கள். எந்தக் கதை என்று வகுப்பிலேயே ஓட்டு. கடைசியில் நின்றது மூன்று கதை. ஒன்று பையன்களுடைய பேய்க்கதை. இன்னொன்று என்னுடையது, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் பெண்களைப் பற்றியது. மூன்றாவது அனுசூயாவுடையது. பெயர் ‘வால்வு’. தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அப்பா செத்துப்போகிறார். அந்த வேலைக்கு வரும் மகள், அப்பா எப்படிச் செத்தார் என்று யாராவது உண்மையைச் சொல்கிறவரை தெருவுக்கே தண்ணீரை நிறுத்திவிடுகிறாள்.

ஓட்டுக்கு முன்னால் அனு என்னை கேன்டீன் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். முதல் வருடத்திலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ்.

“மீனா, உன் கதைய வாபஸ் வாங்கிரு. நீயும் பின்னாடி பெஞ்சு புள்ளைகளும் எனக்குப் போட்டா நான் ஜெயிச்சுருவேன். படத்துல நீதான்டி ஹீரோயின். என் தலைமேல சத்தியம்.”

வாங்கிவிட்டேன். பின்பெஞ்சுக்காரிகள் “லூசாடி நீ?” என்று திட்டிக்கொண்டே அனுவுக்குப் போட்டார்கள்.

லூசு இல்லை. பள்ளிக்கூடத்தில் நாடகம் என்றால் எனக்குப் போலீஸ், ராஜா, எமதர்மன். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை எமன் நான்தான். “பாண்டிமீனாவுக்கு மட்டும் மேக்கப்பே வேணாம்” என்று டீச்சர் சொல்லுவார், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். மீசை ஒட்டாத என் முகம் ஒரே ஒரு தடவை திரை முழுக்க வரவேண்டும். அதை அம்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு ஒரு கதையைக் கொடுத்தது ஒன்றும் பெரிய விலை இல்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். வீட்டு முன்னறைதான் அவளுடைய தையல் கடை. பல்லில் நூலை வைத்துக்கொண்டே நிமிர்ந்து, “உன்னையவா?” என்றாள்.

“ஏன், என்னைத்தான்.”

“அனு வாயாலயே சொன்னாளா? நல்லாக் கேட்டுக்கிட்டியா?”

பெற்ற தாய் கேட்கிற கேள்வியா இது! எனக்கு வந்த கோபத்தில் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டமாலென்று கழுவினேன். அப்பா கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், இல்லையென்றால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். சாயங்காலம் அம்மாவே வந்து, “சட்டையெல்லாம் கடையில வாங்க வேணாம். காக்கித் துணி எடுத்தா நானே தச்சுத் தாரேன்” என்றாள். சமாதானம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று முழுக்கத் திட்டமிடல். அனு இயக்கம். கார்மேகம் கேமரா, அதிகம் பேசாத பையன், எடுத்தால் நன்றாக எடுப்பான். மற்றவர்கள் எல்லாம் எடுபிடி. அனு கரும்பலகையில் ஷாட் ஷாட்டாகப் படம் வரைந்து விளக்கினாள். அவள் பேசும்போது பார்க்க வேண்டும், கை, கண், எல்லாம் பேசும். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

“டிரெய்லர்ல ஹீரோயின் மூஞ்சிய எடுத்த எடுப்புலயே காட்டக்கூடாது. முதுகு, நடை, கை, காலு. யாருடா இவள்னு ஜனம் தவிக்கணும். கடைசி ஷாட்டுல மூஞ்சி. அதனால க்ளோசப் எல்லாம் கடைசி நாள் எடுப்போம்” என்றாள்.

அட, என்ன மூளை! எல்லோரும் கை தட்டினோம். கார்மேகம் மட்டும் தட்டவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான், உம்மணாமூஞ்சி.

சாயங்காலம் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் அண்ணனிடம் கெஞ்சி, அந்த நீளமான இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகிப் பார்த்தேன். முதலில் அசையவே இல்லை. தோளைக் கொடுத்துத் திருகினால்தான் திரும்புகிறது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பரவாயில்லை, பொய்யாக நடித்தால் கேமராவில் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 8, வியாழன்

அனு என் அம்மாவிடம் போனில் பேசினாள். சட்டையும் பேன்ட்டும் இரண்டு செட் வேண்டுமாம். தண்ணீர் பீறிட்டு அடிக்கிற காட்சியில் ஒன்று நனைந்துவிட்டால் இன்னொன்று வேண்டுமில்லையா, சினிமாவில் எல்லோரும் இரட்டை செட்தான் வைத்திருப்பார்கள். இரண்டாவது செட்டின் அளவை அவளே சொல்லிவிட்டாள்.

அம்மா டேப்பைக் கழுத்தில் போட்டபடி என்னையே பார்த்தாள். “இது உன் அளவு இல்லையேடி. தோளு குறையுது. கை நீளம் கூடுது. பேன்ட்டும் நீளம்.”

“அது அப்படித்தான்மா. நனைஞ்ச துணி கேமராவுல பெருசாத் தெரியும். அதுக்குத் தகுந்த மாதிரி குறைச்சு, கூட்டிச் சொல்லியிருப்பா. உனக்கு டெக்னிக்கல் எல்லாம் புரியாது.”

“ஓ” என்றாள் அம்மா. தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 10, சனி

முதல் நாள் படப்பிடிப்பு! சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, முதல் ஷாட் பிள்ளையார் படத்தை எடுத்தோம். கிளாப் அடிக்க அனு என்னைத்தான் கூப்பிட்டாள். “ஹீரோயின் கையால அடிக்கட்டும்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

பிறகு மேல்நிலைத் தொட்டியின் படிக்கட்டில் நான் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். கேமரா கீழே. மாசி பிறக்கக்கூட இல்லை, அதற்குள் மதுரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் சுடுகிறது. தெரியாத்தனமாக ஒரு தடவை திரும்பிவிட்டேன். “திரும்பாத மீனா! திரும்பாத!” என்று அனு கத்தினாள். மத்தியானம் சாவியைத் திருகும் கை, ரப்பர் செருப்பு போட்ட கால், சுவர் ஓரமாக நடந்து போகிற முதுகு.

முடிந்ததும் அனு கட்டிப்பிடித்துக்கொண்டு, “முதுகுலயே நடிக்கிறடி நீ!” என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், இரண்டாவது செட்டுக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் சொல்லிப் பார்த்தேன். “எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு ஒருத்தராவது வாயத் தொறங்க. அதுவரைக்கும் இந்தத் தெருவுக்குத் தண்ணி வராது.” எப்படி இருக்கு என்றேன். “நல்லாத்தான் இருக்கு, போய்ச் சாப்புடு” என்றாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

குழாய் வெடித்துத் தண்ணீர் அடிக்கிற காட்சி. டேங்கர் லாரி அண்ணன் பைப்பை நேராக என் மேலேயே பிடித்துவிட்டார். நான் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. கட் சொல்லாமல் எடுத்திருக்கிறார்கள், அனு அதையே வைத்துக்கொள்ளப் போகிறாளாம். விழுந்ததும் ஒரு வகையில் நல்லதுதான்.

நனைந்து உட்கார்ந்திருந்தபோது கார்மேகம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தான். “அப்படியே இரு. ஒன்னும் பண்ணாத” என்றான். அதற்குள் அனு ஓடிவந்து, “என்னடா எடுக்குற? இது லிஸ்ட்டுலயே இல்லையே” என்று கத்தினாள். லென்ஸ் சரிபார்த்தேன் என்றான். அழிக்கச் சொன்னாள், அவனும் அழித்தான்.

கிளம்பும்போது என்னிடம், “அனு உன்கிட்டப் பேசுனாளா?” என்று கேட்டான்.

“எதப் பத்தி?”

“ஒன்னுமில்ல” என்று போய்விட்டான்.

நாங்கள் கொண்டுபோன இரண்டாவது செட்டை அனு பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஈரச் சட்டையோடுதான் பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 12, திங்கள்

காய்ச்சல். முழங்காலுக்கு அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள்.

பிப்ரவரி 14, புதன்

இதை எழுதவா வேண்டாமா என்று தெரியவில்லை. கார்மேகம் என்னை பைக் ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும் மீனா. கோபப்படக் கூடாது” என்றான்.

இன்றைக்கு என்ன தேதி என்று எனக்குத் தெரியாதா? நான் முந்திக்கொண்டேன். “வேணாம் கார்மேகம். இப்ப எதுவும் வேணாம். படம் முடியட்டும்.”

“படம் முடிஞ்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?”

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஹீரோயினுக்கும் கேமராமேனுக்கும் நடுவில் இதெல்லாம் வந்தால் வேலை கெடும். அனுவிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “வேற எதுவும் சொன்னானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு அவன்மேல் ஏதும் இருக்கிறதோ என்னவோ.

பிப்ரவரி 16, வெள்ளி

நாளை க்ளோசப். கடலை மாவும் தயிரும் கலந்து போட்டுக் கழுவினேன். கண்ணாடி முன்னால் நின்று வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன், முதலில் கோபமாக, பிறகு அழுகையாக, பிறகு ஒன்றுமே காட்டாமல். ஒன்றுமே காட்டாமல் சொல்வதுதான் நன்றாக இருக்கிறது. நாளைக்கு அனுவிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 17, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் போனபோது கேமராவெல்லாம் வைத்துத் தயாராக இருந்தது. தொட்டிக்குக் கீழே ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், குடைக்கடியில். என் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். என் சட்டை இல்லை, அம்மா தைத்த இரண்டாவது சட்டை. அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. நல்ல சிவப்பு, நல்ல உயரம். தங்கச்சி வேடத்துக்கு யாரையோ பிடித்திருக்கிறாள் அனு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவளே எழுந்து வந்தாள். இங்கிலீஷ் இலக்கியம் இரண்டாம் வருடமாம், பெயர் நிஹாரிகா. அப்பாவுக்கு ரயில்வே, வளர்ந்ததெல்லாம் நாக்பூர். பெரிய சாக்லேட் ஒன்றை என் கையில் வைத்து, ஒரு மாதிரி இழுத்த தமிழில் பேசினாள்.

“தேங்க்ஸ் அக்கா. எனக்கு வெயில் ஒத்துக்காது. எனக்குப் பதிலா நீங்க ரெண்டு நாள் நின்னீங்களாம், கீழ கூட விழுந்தீங்களாம். அனு அக்கா சொன்னாங்க. டூப் பண்றதுக்கு யாரு இவ்ளோ பண்ணுவா?”

கேலி இல்லை. அந்தப் பெண் மனதாரச் சொன்னாள். அதுதான் கொடுமை.

நான் அனுவைப் பார்த்தேன். அனு மானிட்டரைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. ஒருத்தன் வயரைச் சுற்றினான், ஒருத்தி குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! படி ஏறும்போதும், விழும்போதும், ‘ஹீரோயின் ஹீரோயின்’ என்று கூப்பிட்டபோதும் தெரிந்திருக்கிறது. கார்மேகம் மட்டும் என்னை நேராகப் பார்த்தான். “அன்னைக்கு இதத்தான் சொல்ல வந்தேன்” என்றான். கடவுளே, நான் அவனிடம் என்ன பேசினேன்! நினைத்தால் இப்போதும் காது எரிகிறது.

கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. தெர்மக்கோல் பிடிக்க ஆள் குறைகிறது என்று யாரோ சொன்னார்கள். என் கையில் கொடுத்தார்கள். வாங்கிப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று என்னை யாராவது கேட்டால் செருப்பால் அடிப்பேன். எனக்கே தெரியாது. வெயில் என் கையிலிருந்த தெர்மக்கோலில் பட்டு அவள் முகத்துக்குப் போனது. கார்மேகம் ‘இன்னும் கொஞ்சம் வலது’ என்றான், நான் வலதுபக்கம் திருப்பினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

அனு பெரிய வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அழுதுகொண்டே பேசியிருக்கிறாள். துறைத் தலைவர் தனபால் சார்தான் கடைசி நேரத்தில் ஆளை மாற்றச் சொன்னாராம். “நான் என்னடி பண்ணுவேன், என் கையில எதுவுமே இல்ல.” கேட்டதும் எனக்கும் அழுகை வந்தது. அவளைப்போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இருந்தது. அனுவுக்காகவும் சேர்த்துச் சண்டை போட நேராக சார் அறைக்குப் போனேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “நானா? நான் ஏம்மா மாத்தச் சொல்றேன்? அந்தப் பொண்ண அனுசூயா பொங்கல் லீவுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்து காட்டுச்சே. இவதான் சார் என் ஹீரோயின்னு. ஓட்டெடுப்புக்கெல்லாம் முன்னாடி. உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்.”

பொங்கலுக்கு முன்னாடி. கேன்டீனுக்குப் பின்னால் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தபோது அவளுக்கு எல்லாம் முடிவாகியிருக்கிறது. அவளுக்கு வேண்டியது என் ஓட்டும் பின்பெஞ்சு ஓட்டும். பிறகு வெயிலில் ஏறி இறங்க ஒரு உடம்பு. நாசமாய்ப் போக.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா மிஷினை நிறுத்தவில்லை. கடகடவென்று ஓட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“உனக்குத் தெரியுமா?”

மிஷின் நின்றது. “அந்த ரெண்டாவது சட்டைக்கு அளவு சொன்னப்பவே தெரியும். தோளு ஒரு மாதிரி, கை ஒரு மாதிரி. அது வேற ஆளுடி. இத்தன வருசமாத் தைக்கிறேன், இதுகூடவா தெரியாது?”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னேனே, உன் அளவு இல்லைன்னு. நீதான் டெக்னிக்கல்னு என் வாயை அடைச்ச.”

“அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாம்ல?”

அம்மா துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “அதுவாத் தெரிஞ்சு, அதோட விட்ருவன்னு இருந்தேன். உன் நல்லதுக்குத்தான். இந்தக் கலர வச்சுக்கிட்டு சினிமா கினிமான்னு அலைஞ்சு, நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆகிறக் கூடாதுல்ல?”

அனு செய்தது துரோகம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அவளைத் திட்டலாம். இதை என்னவென்று சொல்வது? காஜா எடுத்துக்கொண்டிருந்தாளே, நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் சொல்லிச் சொல்லிக் காட்டினேனே. வேறு ஒருத்தியின் சட்டைக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று வேறு சொன்னாள்.

நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. எனக்கென்ன.

பிப்ரவரி 21, புதன்

அனு வீட்டுக்கே வந்துவிட்டாள். எதற்கு? மன்னிப்புக் கேட்கவா? நிஹாரிகாவின் தமிழ் சரிவரவில்லையாம். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் ‘தண்ணி வராது’ என்பதை ஏதோ ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி சொல்கிறாளாம். சனிக்கிழமை விழா.

“நீ டப்பிங் பேசிக் குடு மீனா. உன் குரல் இல்லாம இந்தப் படமே இல்லடி.”

எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே. “முதுகு எடுத்த, காலு எடுத்த, இப்ப தொண்டையுமா? மூஞ்சிய மட்டும் நான் வச்சுக்கவா?”

“டிரெய்லர் ஜெயிச்சாத்தான்டி படம். ஜெயிக்கணும்னா...”

“ஜெயிக்கணும்னா என்ன? சொல்லு. வாயத் தொறந்து சொல்லு.”

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. “நான் மட்டும் என்ன சிவப்பாடி? என்னையும் ஒன்னாப்புல இருந்து கருவாச்சின்னுதான் கூப்புடுறாய்ங்க. அதனாலதான் கேமராவுக்குப் பின்னாடி வந்து நிக்கிறேன். நம்ம இடம் எதுன்னு எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை என்பதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

“வாரேன். நாளைக்கு வந்து பேசுறேன்” என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா, “போகாத மீனா” என்றாள்.

“நீ பேசாத” என்றேன். அம்மாவை இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 22, வியாழன்

கெடுக்கத்தான் போனேன். செத்த குரலில், ரேஷன் கடையில் நம்பர் கூப்பிடுகிற மாதிரி பேசிவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். விழா மேடையில் எல்லோரும் சிரிக்கட்டும். ராத்திரியெல்லாம் அதையே நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆடியோ அறையில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். திரையில் படிக்கட்டு. ஒருத்தி ஏறிப் போகிறாள். அடிக்கு அடி தோளைச் சாய்த்து, கம்பியைத் தொடாமல் ஏறுகிறாள். நான்! என் முதுகை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. நன்றாக இருந்தது. யாரோ சொல்லிக் கேட்பது வேறு, பார்ப்பது வேறு. நிஜமாகவே நன்றாக இருந்தது. சாவியைத் திருகினாள், தண்ணீர் அடித்தது, விழுந்தாள், எழுந்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

திரும்பியது நிஹாரிகா. வாய் அசைந்தது.

வாயைத் திறந்தேன். கெடுக்க வரவில்லை. ஏறியவள் நான், விழுந்தவள் நான், அவ்வளவு தூரம் வந்துவிட்டு வசனத்தை மட்டும் எப்படிக் கெடுப்பது? ஒன்றுமே காட்டாமல் சொன்னேன், கண்ணாடி முன்னால் சொன்ன அதே மாதிரி. முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனு முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். “ஓகே” என்று கார்மேகம்தான் சொன்னான், இரண்டாவது தடவை கேட்கவில்லை.

வெளியே வந்து கழிப்பறையில் நின்று அழுதேன். அனுமேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம். என்னாலேயே எனக்காக நிற்க முடியவில்லை.

பிப்ரவரி 24, சனி

விழா. அம்மாவை நான் கூப்பிடவில்லை. வந்து உட்கார்ந்திருந்தாள், கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, தனியாக. மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

எங்கள் டிரெய்லர் ஓடியது. நிஹாரிகா திரும்பி வசனம் சொன்னதும் அரங்கம் அதிர்ந்தது. விசில், கூச்சல். ஜெயித்துவிட்டது. அனுவும் நிஹாரிகாவும் மேடைக்குப் போனார்கள். நாங்களெல்லாம் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்றோம். தொகுத்து வழங்கியவன் வணிகவியல் பையன், சும்மா இருப்பானா? “என்ன மக்களே, அந்த டயலாக்க நம்ம ஹீரோயின் நேர்ல ஒருவாட்டி சொன்னா எப்படி இருக்கும்?” என்றான். “டயலாக்! டயலாக்!” என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது.

அனு விறுவிறுவென்று திரைக்குப் பின்னால் வந்தாள். கையில் ஒரு மைக். அதை என் கைக்குள் திணித்தாள்.

“இங்கயே நின்னு பேசு. வெளிய வராத. அவ வாயசைப்பா. ஒரே ஒரு வாட்டிடி, ப்ளீஸ்.”

நிஹாரிகா கையிலிருந்த மைக்கைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை, அணைத்துவைத்த மைக். என் கையில் இருந்ததில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்படிக் கேட்பார்கள் என்று அனுவுக்கு முன்னாலேயே தோன்றியிருக்கிறது. இதற்கும் ஏற்பாடு செய்து வைத்துவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறாள். அழுதது, கலங்கியது, முகத்தை மூடிக்கொண்டது எல்லாவற்றுக்கும் பிறகும்.

நான் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். பின்னால் அனு “மீனா” என்றது காதில் விழுந்தது.

விளக்கு முகத்தில் அடித்தது. எதிரே ஒன்றுமே தெரியவில்லை. வரிசை தெரியவில்லை, அம்மா தெரியவில்லை, ஒரே வெள்ளை. மேடையில் நின்றால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அங்கே நிற்கிறவளுக்கு யாரையுமே தெரியாது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சொன்னேன். “எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு ஒருத்தராவது வாயத் தொறங்க.” அரங்கம் அடங்கிவிட்டது. “அதுவரைக்கும் இந்தத் தெருவுக்குத் தண்ணி வராது.”

பிறகு சத்தம் வந்தது. கைதட்டலா, சிரிப்பா, இரண்டுமா என்று பிரிக்க முடியவில்லை. நிஹாரிகா என் கையைப் பிடிக்க வந்தாள். அதற்குள் தொகுப்பாளன், “ஓ, டப்பிங் ஆர்ட்டிஸ்ட்டா! சூப்பர், சூப்பர். கொஞ்சம் ஓரமா வந்துக்கங்க சிஸ்டர், ஹீரோயினோட போட்டோ எடுக்கணும்” என்றான்.

மைக்கை அனுவிடம் கொடுத்தேன். “முழுப் படத்துக்கு வேற முதுகு பாத்துக்க. குரலும் வேற பாத்துக்க” என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை. பின்பக்கமாகப் போகாமல் முன்படி வழியாக இறங்கினேன்.

அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூடவே நடந்து வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டாள். பெரியார் பஸ் நிலையம் தாண்டியதும், என்னைப் பார்க்காமல், முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அந்தப் புள்ள பக்கத்துலதான் நின்னுச்சு. ஆனா ஒருத்தர்கூட அதப் பாக்கல மீனா. எல்லாரும் உன் மூஞ்சியத்தான் பாத்தாங்க.”

உண்மையாகவே பார்த்தார்களா, எனக்காகச் சொல்கிறாளா? அங்கே நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அம்மாவின் வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது. போன மாதமாக இருந்தால் அப்படியே நம்பியிருப்பேன்.